கத்திரி முடிஞ்சு ஆடி வரைக்கும்: தெருமுனை வல்லூறு குடும்பத்த ஃபாலோ பண்றது எப்படி

மே கடைசில ஆரம்பிச்சு ஜூலை வரைக்கும் உங்க ஏரியால காலைல ஏதாச்சும் ஒரு பெரிய மரத்துல இருந்து "கீஈ... கீஈ... கீஈ..."ன்னு மெல்லிசா நீளமா நிறுத்தாம ஒரு சத்தம் வந்துட்டே இருந்தா அத கிளின்னு நெனச்சு விட்டுடாதீங்க. கூட்ட விட்டு வெளிய வந்த வல்லூறு குஞ்சுங்க சாப்பாடு கேட்டு கத்துற சத்தமா இருக்க நெறைய வாய்ப்பு இருக்கு. வல்லூறுன்னு நான் சொல்றது பேர்டர்ஸ் எல்லாரும் ஷிக்ரான்னு சொல்ற சின்ன வேட்டைப்பறவைய. பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ், ஐசிஎஃப் காலனி, அயனாவரம், ஓட்டேரி, மாதவரம் பால்பண்ணை பக்கம்னு பழைய மரம் மிச்சம் இருக்கிற எடத்துல எல்லாம் இத எதிர்பாக்கலாம். வடசென்னைல பறவை பாக்கணும்னா பழவேற்காடு போகணும், இல்லன்னா எண்ணூர் கழிமுகம் போகணும்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, அதெல்லாம் நல்ல எடம்தான், ஆனா ஒரு வேட்டைப்பறவை குடும்பம் புள்ளைங்கள வளர்த்து ஆளாக்குறத முழுசா பாக்க பஸ் ஏற வேண்டியதே இல்ல.

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா இதத்தான் எல்லாரும் தலைகீழா பண்றாங்க. கூட்ட தேடாதீங்க. வல்லூறு இருக்குன்னு தெரிஞ்ச உடனே எல்லாருக்கும் கூடு எங்கன்னு பாக்கணும், முட்டை எத்தனன்னு பாக்கணும், மொட்டை மாடில ஏறி ஃபோட்டோ எடுக்கணும்னு தோணுது. நம்ம ஊர்ல காக்கா எவ்ளோ இருக்குன்னு உங்களுக்கே தெரியும், நீங்க கிட்ட போயி தாய்ப்பறவை கூட்ட விட்டு எழுந்தா அந்த ரெண்டு நிமிஷம் போதும் காக்காக்கு. அதுவும் இல்லாம கூட்டுல பாக்க பெருசா ஒண்ணும் இருக்காது, குச்சி குவியல், அதுக்கு மேல ஒரு வால், அவ்ளோதான். உண்மையான விஷயம் எல்லாம் குஞ்சுங்க கூட்ட விட்டு வெளிய வந்தப்புறம் நடக்குற அந்த சில வாரத்துலதான் இருக்கு. பறக்க கத்துக்கிறது, அண்ணன் தம்பி சண்டை, அப்பா கொண்டாந்தத பிடுங்கறது, சொந்தமா வேட்டையாடி கோட்டை விடறது, எல்லாம் வெட்டவெளில, நம்ம கண்ணு முன்னாடி. அதனால இது கூட்ட கண்டுபிடிக்கிறதுக்கான வழி இல்ல, வெளிய வந்த குடும்பத்த பின்தொடர்றதுக்கான வழி.

சரி, மொதல்ல பறவைய அடையாளம் தெரிஞ்சுக்கணும். நம்ம பக்கம் வானத்துல வட்டம் போடறது பெரும்பாலும் கரும்பருந்து, காசிமேடு மீன்பிடி துறைமுகத்துலயும் கொடுங்கையூர் குப்பைமேட்டு மேலயும் கூட்டம் கூட்டமா இருக்குமே அது, பெரிய பறவை, வால் நடுவுல உள்வாங்கி வெட்டுன மாதிரி இருக்கும். எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் வெள்ளைத்தலை, செங்கல் கலர் உடம்போட வர்றது செம்பருந்து, நம்ம வீட்டு பாட்டிங்க பாத்த உடனே கன்னத்துல போட்டுக்கிற கருடன். வல்லூறு இது ரெண்டும் இல்ல. புறா சைஸ்தான், தலைல இருந்து வால் வரைக்கும் 26ல இருந்து 30 சென்டிமீட்டர். றெக்கை குட்டையா வட்டமா, வால் நீளமா இருக்கும், மரத்துக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு பறக்கறதுக்குன்னே அமைஞ்ச உடம்பு. பறக்கும்போது நாலஞ்சு தடவ படபடன்னு அடிச்சுட்டு அப்படியே மிதக்கும், திரும்ப படபட, திரும்ப மிதக்கும். இந்த ஒண்ண மனசுல வச்சுக்கிட்டாலே தெருவுக்கு குறுக்க ஒரு செகண்ட் போனாகூட சொல்லிடலாம்.

வளர்ந்த பறவைக்கு முதுகு சாம்பல் கலர், நெஞ்சுல ஆரஞ்சும் பழுப்பும் கலந்த மெல்லிய குறுக்குக்கோடு, தொண்டைக்கு நடுவுல மேல இருந்து கீழ ஒரே ஒரு கருப்புக்கோடு. ஆணுக்கு கண்ணு நல்ல ரத்தச் சிவப்பு, பொண்ணுக்கு மஞ்சளும் ஆரஞ்சுமா இருக்கும், பொண்ணுதான் சைஸ்லயும் பெருசு. குஞ்சுங்க வேற மாதிரி, முதுகு பழுப்பு, நெஞ்சு வெளுத்து அதுல குறுக்குக்கோட்டுக்கு பதிலா மேல இருந்து கீழ சொட்டு சொட்டா பழுப்பு கறை, கண்ணு வெளிறின மஞ்சள். நெஞ்ச பாத்தா போதும், குறுக்க கோடு போட்டிருந்தா பெரியவங்க, சொட்டு சொட்டா இருந்தா இந்த வருஷத்து புள்ளைங்க.

ரெண்டு பேர் உங்கள ஏமாத்துவாங்க. ஒண்ணு அக்காக்குயில், கலர், வால் பட்டை, பறக்கற ஸ்டைல் எல்லாமே வல்லூறு மாதிரியே இருக்கும், சின்னப் பறவைங்களே அத பாத்து பயந்து ஓடும், ஆனா அலகு நேரா இருக்கும், கொக்கி மாதிரி வளைஞ்சிருக்காது, காலும் சின்னது. இன்னொன்னு கரிச்சான், நாம இரட்டைவால் குருவின்னு சொல்றது, அது வல்லூறு கத்துற மாதிரியே கத்தும். பெரிய வல்லூறோட கத்தல் ரெண்டு சுரம், "டி-ட்யூ, டி-ட்யூ"ன்னு வரும், அத கேட்டுட்டு கேமராவ தூக்கிட்டு ஓடுனா ஈபி கம்பி மேல கரிச்சான் உக்காந்து வால ஆட்டிட்டு இருக்கும். அதனால சத்தத்த மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, கண்ணால பாத்தாதான் கணக்கு.

வல்லூறுன்னா ஃபால்கன்னு நெனச்சு வந்துட்டு, உண்மையான ஃபால்கன் வேணும்னு கேக்கறவங்களுக்கும் சொல்லிடறேன். புறாக்காரங்க பைரின்னு சொல்றது அந்த வகை, றெக்கை நீளமா கூர்மையா இருக்கும், உயரத்துல இருந்து தலைகீழா பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டர தாண்டிடும். வெளிநாட்டுல இருந்து வர்றது குளிர்காலத்துக்கு மட்டும் வரும், இங்கயே இருக்குற ஷாஹீன் வகை பாறை மலைய நம்பி வாழுது. கோடைல நம்ம தெரு மரத்துல புள்ளைங்கள வச்சுட்டு இருக்கறது வல்லூறுதான். பைரிய ஐப்பசிக்கு மேல பாத்துக்கலாம்.

இப்ப காலக்கணக்கு. மாசி பங்குனில ஜோடி மரத்துக்கு மேல துரத்திக்கிட்டு சத்தம் போட ஆரம்பிக்கும், காலால குச்சி எடுத்துட்டு போகும். முட்டை பொதுவா 3ல இருந்து 4, அடைகாக்கறது சில வாரம், அதுக்கப்புறம் குஞ்சு கூட்ட விட்டு வெளிய வர சுமாரா ஒரு மாசம். இதெல்லாம் கூட்டி பாத்தீங்கன்னா நம்ம ஊர்ல பெரும்பாலான ஜோடிக்கு கத்திரி வெயில்லதான் குஞ்சு கூட்டுல இருக்கும். மே 4ல இருந்து 28 வரைக்கும் நாம ஃபேனுக்கு அடில கெடக்கும்போது அது ஒரு குச்சித்தட்டு மேல வாய பொளந்துட்டு உக்காந்திருக்கும், அம்மா றெக்கைய விரிச்சு நெழல் குடுக்கும். வைகாசி பாதிக்கு மேல ஒவ்வொண்ணா கூட்டுல இருந்து பக்கத்து கிளைக்கு தாவும். சில ஜோடி லேட்டா ஆரம்பிக்கும், அதுங்க புள்ளைங்க ஆனி கடைசில வெளிய வரும், அதனால ஜூன்ல பாக்கலன்னா விட்டுடாதீங்க.

தேடறது காதாலதான். காலைல அஞ்சே முக்காலுக்கு வெளிச்சம் வந்துடும், அப்பலேர்ந்து எட்டரை வரைக்கும் ஒரு ஷிஃப்ட், சாயங்காலம் கடல்காத்து வந்து சூடு கொஞ்சம் அடங்குன பிறகு நாலரைல இருந்து ஆறரை வரைக்கும் ஒரு ஷிஃப்ட். மதியம் போயி வெயில்ல காயறதுல பிரயோஜனம் இல்ல, அதுங்களும் இலைக்குள்ள மறைஞ்சு சும்மாதான் உக்காந்திருக்கும். பைக்ல சுத்தாதீங்க, நடங்க. பெரிய தூங்குமூஞ்சி மரம், வேம்பு, வாகை, அரசமரம் இருக்கிற எடமா பாத்து, ஒவ்வொரு எடத்துலயும் பத்து நிமிஷம் நின்னு கேளுங்க. மூலக்கொத்தளம் மாதிரி பழைய இடுகாட்டு பக்கம், ஸ்கூல் கிரவுண்டு, சர்ச் காம்பவுண்டு, ரயில்வே குவார்ட்டர்ஸ் உள்ரோடு, இங்கெல்லாம் மரத்த இன்னும் விட்டு வச்சிருக்காங்க.

குஞ்சு சத்தம் கேக்கலன்னாலும் அணில் காட்டிக் குடுத்துடும். சாதாரணமா அணில் கத்தறது விட்டு விட்டு இருக்கும், வேட்டைப்பறவை கண்ணுல பட்டா ஒரே எடத்துல தண்டோட ஒட்டிக்கிட்டு வால வெட்டி வெட்டி ஆட்டிக்கிட்டு "சிக் சிக் சிக் சிக்"ன்னு அஞ்சு பத்து நிமிஷம் விடாம கத்தும். அது எந்த பக்கம் பாத்து கத்துதுன்னு பாருங்க, அந்த திசைல கண்ணால கிளை கிளையா தேடுங்க. மைனாவும் அப்படித்தான், கரகரன்னு திட்டும். காக்கா ரெண்டு மூணு சேந்து ஒரு பறவைய மரத்துக்கு மரம் துரத்துனாலும் துரத்தப்படறது யாருன்னு பாருங்க. ஒரு தெருவுல இருக்குற அத்தன ஜீவனும் அந்த குடும்பம் எங்க இருக்குன்னு நாள் முழுக்க சொல்லிட்டே இருக்கு, நாமதான் ஹாரன் சத்தத்துல கவனிக்கறதில்ல.

கீழயும் பாருங்க. மரத்தடில சுண்ணாம்பு தெளிச்ச மாதிரி வெள்ளை எச்சம் ஒரே பக்கமா கோடு கோடா இருந்தா மேல ஏதோ ஒண்ணு தெனம் உக்காருதுன்னு அர்த்தம். சின்ன இறகுங்க கொத்தா ஒரே எடத்துல கெடந்தா அது அப்பா உரிக்கிற எடம். ஆண் வேட்டையாடிட்டு நேரா புள்ளைங்ககிட்ட போகாது, மொதல்ல ஒரு கிளைல உக்காந்து இறகு, தலை எல்லாம் பிச்சு எறிஞ்சுட்டுதான் கொண்டு போகும், பெரும்பாலும் அதே கிளைய திரும்ப திரும்ப யூஸ் பண்ணும். அந்த கிளை தெரிஞ்சுட்டா உங்க வேலை பாதி முடிஞ்சுது.

எடம் தெரிஞ்ச பிறகு ஒரு இருக்கைய முடிவு பண்ணிக்கோங்க, தெனம் அங்கயே உக்காருங்க. அம்பது மீட்டர் தள்ளி, முதுகுக்கு ஒரு செவுரோ மரமோ இருக்கிற மாதிரி, டீக்கடை பெஞ்சா இருந்தா ரொம்ப நல்லது, டீக்கடைல உக்காந்திருக்கற ஆள எந்தப் பறவையும் சந்தேகப்படாது, எந்த மனுஷனும் சந்தேகப்பட மாட்டான். பெரிய பறவை உங்கள பாத்து வேகமா, கூர்மையா, விடாம கத்துனா, இல்லன்னா தலைக்கு மேல தாழ்வா பாஞ்சா நீங்க ரொம்ப கிட்ட இருக்கீங்க, எழுந்து பின்னாடி போங்க, பத்து நிமிஷத்துல அது அடங்கலன்னா அன்னைக்கு கெளம்பிடுங்க. மொபைல்ல அதோட சத்தத்த போட்டு கூப்பிடற வேலை சுத்தமா வேணாம். புள்ளைங்கள வச்சிருக்கற ஜோடிக்கு அது எதிரி வந்துட்டான்னு அர்த்தம், வேட்டைய விட்டுட்டு உங்க ஃபோன தேடிட்டு இருக்கும். ட்ரோனும் வேணாம்.

பைனாகுலர் 8×42 போதும், அதாவது எட்டு மடங்கு பெருசா காட்டும், முன்பக்க லென்ஸ் 42 மில்லிமீட்டர். நெறைய பேர் பெருசா தெரியும்னு 10×50 வாங்கறாங்க, அரை மணி நேரம் தூக்கி வச்சா கை ஆடும், மரத்துக்குள்ள பறவைய தேட அகலமான பார்வைதான் முக்கியம், பெருசா தெரியறது அப்புறம். பைனாகுலர் இல்லன்னாலும் பரவால்ல, குஞ்சுங்க வெளிய வந்த பிறகு வெறும் கண்ணுக்கே நல்லா தெரியும்.

இனிமே என்ன பாக்கப் போறீங்கன்னு சொல்றேன், இதான் எனக்கு பிடிச்ச பகுதி.

மொத வாரம் குஞ்சுங்க கூட்டுக்கு பக்கத்து கிளைலயே இருக்கும். பறக்கறத விட தாவறதுதான் அதிகம், இறங்கும்போது பேலன்ஸ் இல்லாம முன்னாடி சாயும், றெக்கைய விரிச்சு தடுமாறி நிமிரும். சாப்பாடு வர்ற நேரம்தான் திருவிழா. அப்பா தூரத்துல இருந்து ரெண்டு சுரத்துல குரல் குடுக்கும், அது கேட்ட உடனே அது வரைக்கும் அமைதியா உக்காந்திருந்த மூணு குஞ்சும் ஒரே நேரத்துல கத்த ஆரம்பிக்கும். ஆரம்பத்துல அம்மாதான் பறந்து போயி வழிலயே வாங்கிட்டு வரும், வந்து காலால கிளையோட அழுத்திக்கிட்டு பிச்சு பிச்சு ஊட்டும். அந்த அலகு எவ்ளோ பதமா வேலை செய்யுதுன்னு பைனாகுலர்ல பாருங்க, ஓணானோட தோல உரிச்சு சின்ன துண்டா கிழிச்சு குஞ்சோட வாய்க்கு முன்னாடி நீட்டிட்டு அது எடுக்கற வரைக்கும் அசையாம காத்துட்டு இருக்கும். பெரிய துண்டு வந்தா, எலும்பு இருந்தா தானே முழுங்கிக்கும், சதைய மட்டும் குடுக்கும்.

ரெண்டாவது மூணாவது வாரத்துல இது மாறும். அம்மா ஊட்டறத நிறுத்திடும், அப்பாவோ அம்மாவோ மொத்தமா கொண்டாந்து கிளைல வச்சுட்டு போயிடும், மொதல்ல வந்தவனுக்குத்தான். எடுத்த குஞ்சு உடனே றெக்கை ரெண்டையும் வால் எல்லாத்தையும் விரிச்சு சாப்பாட்டுக்கு மேல கவுந்துக்கும், முதுக மத்தவங்களுக்கு காட்டிக்கிட்டு திரும்பி திரும்பி உக்காரும். யாரு பெரியவன் யாரு சின்னவன்னு இதுலயே தெரிஞ்சுடும், பொதுவா பொண்ணுங்க சைஸ்ல பெருசுங்கறதால ஜெயிக்கறதும் அவங்கதான். சின்னவன் பட்டினியா இருக்கானேன்னு மனசு கஷ்டமா இருக்கும், ஆனா கொஞ்ச நேரம் பொறுத்து பாருங்க, வயிறு நெறைஞ்சவன் கத்தாம உக்காந்துடுவான், அடுத்த தடவ அப்பா வரும்போது பசியோட இருக்குற சின்னவன் மொதல்ல பாயுவான்.

அதுக்கப்புறம் வேட்டை பழகறது. ஆரம்பத்துல உயிர் இல்லாதத பிடிக்கும். காஞ்ச இலை ஒண்ணு கிளைல தொங்கிட்டு இருக்கும், ஒரு குஞ்சு தலைய இப்படியும் அப்படியும் சாய்ச்சு அத பத்து நிமிஷம் மொறச்சு பாத்துட்டு சடார்னு பாஞ்சு காலால பிடிக்கும், பிடிச்சுட்டு என்ன பண்றதுன்னு தெரியாம அப்படியே நிக்கும். குச்சி, பழைய கயிறு, தேங்காய் மட்டை நார், எல்லாத்து மேலயும் பாயும். அடுத்தது வெட்டுக்கிளி, தும்பி. ஓணான் பிடிக்கறது கஷ்டம், ஓணான் தண்டுக்கு அந்தப் பக்கம் சுத்தி போயிடும், குஞ்சு இந்தப் பக்கம் மோதி நிக்கும். காம்பவுண்டு சுவர் மேல ஓடற ஓணான ஒரு குஞ்சு மொத தடவ ஒழுங்கா பிடிக்கறத பாத்தீங்கன்னா, அது சத்தமே போடாம எடுத்துட்டு இலைக்குள்ள போயி மறைஞ்சுக்கும், அது வரைக்கும் பசி பசின்னு ஊரையே கூட்டுன பறவை. அந்த அமைதிய குறிச்சு வச்சுக்கோங்க, அதுக்கு அப்பா அம்மா தேவைப்படறது குறைய ஆரம்பிச்ச நாள் அது.

சாயங்காலம் இடி மழை வர்ற நாள்ல மழை விட்ட உடனே போங்க. நனைஞ்ச குஞ்சுங்க வெட்டவெளி கிளைக்கு வந்து றெக்கைய தொங்க விட்டு காயவைக்கும், இலைக்குள்ள ஒளியாது, எண்ணறதுக்கும் நெஞ்சு கறைய பாத்து ஒவ்வொண்ணையும் பிரிச்சு அடையாளம் வைக்கறதுக்கும் அதவிட நல்ல நேரம் கெடைக்காது. ஆடிக்காத்து வேகமா அடிக்கும்போது கேக்கறது கஷ்டம், அப்ப காத்து மறைவா இருக்கிற பக்கத்து கிளைங்கள மட்டும் பாருங்க.

குடும்பம் ஒரே மரத்துல இருக்காது. நாள் ஆக ஆக சுத்தளவு பெருசாகும், ஒரு தெரு, ரெண்டு தெரு, ரயில்வே லைன் தாண்டி. நீங்க ஓடி துரத்தாதீங்க, ஒரு நோட்டுல தெருவ வரைஞ்சு பெரிய மரம், தண்ணி டேங்க், செல்ஃபோன் டவர் எல்லாம் புள்ளி வச்சு வரைஞ்சுக்கோங்க, எந்த நேரத்துல எங்க பாத்தீங்கன்னு எழுதுங்க. ஒரு வாரத்துல ஒரு ரூட் தானா தெரியும், காலைல கெழக்கு வெயில் விழற காஞ்ச கிளை, பதினோரு மணிக்கு அடர்ந்த மரம், சாயங்காலம் தண்ணி தேங்குற மொட்டை மாடின்னு. யாராச்சும் மாடில அகலமான மண்சட்டில தண்ணி வச்சா வல்லூறு வந்து முழுசா எறங்கி குளிக்கும், அத உங்க மாடிலயே வைங்க, தெனமும் கழுவி மாத்தணும் அவ்ளோதான்.

ஆளுங்க விஷயம் பறவை விஷயத்த விட முக்கியம். குடியிருப்பு பகுதில பைனாகுலர தூக்கி மேல பாத்தா யாரோ வீட்டு ஜன்னல பாக்கறாங்கன்னுதான் தோணும், அதுல தப்பே இல்ல. மொத நாளே அந்த தெரு ஆளுங்ககிட்ட போயி பேசிடுங்க, வீட்டு அக்காங்ககிட்ட பைனாகுலர குடுத்து பாக்க சொல்லுங்க, அடுத்த நாள்ல இருந்து அவங்களே "தம்பி, இன்னைக்கு அந்த பக்க மரத்துல இருக்கு"ன்னு சொல்வாங்க. துறைமுகம், அனல்மின் நிலையம், ரயில்வே ஒர்க்‌ஷாப் பக்கமா கேமராவ திருப்பாதீங்க, காவலுக்கு இருக்கிறவங்க கேட்டா வாக்குவாதம் பண்ணாம கெளம்பிடுங்க.

புறா வளர்க்கறவங்கள தனியா சொல்லணும். வடசென்னைல வானத்த அவங்க அளவுக்கு பாக்கறவங்க வேற யாரும் கெடையாது, பறக்கும்போது கர்ணம் அடிக்கிற கர்ணப்புறாவ விட்டுட்டு நாள் முழுக்க அண்ணாந்து பாத்துட்டே இருப்பாங்க, ஒரு புள்ளி தெரிஞ்சா அது பருந்தா பைரியா வல்லூறான்னு சொல்லிடுவாங்க. மாடில இருந்து ஒரு பெரியவர் என்ன பாத்து "இன்னாபா, தெனிக்கும் இங்கயே குந்திகினு மேலயே பாத்துகினு கீறே?"ன்னு கேட்டார். "வல்லூறு குஞ்சு வெளிய வந்திருக்குண்ணா"ன்னேன். "அத்த இந்த மரத்துல தேடினா எப்டி கெடைக்கும், பின்னாடி குடோன் மேல கீது, காலீல எம்மாஞ் சத்தம்"ன்னு கையால காட்டுனார், அங்கதான் இருந்துது. இவங்களுக்கு வேட்டைப்பறவை மேல கோவம் இருக்கும், அது நியாயம், பைரி அவங்க புறாவ தூக்கிட்டு போகுது. வல்லூறு அந்த ரகம் இல்லன்னு பொறுமையா சொல்லுங்க, வளர்ந்த புறா அதோட சைஸ்லயே இருக்கு, அது பிடிக்கறது பெரும்பாலும் ஓணான், எலி, அணில், பூச்சி, சின்னக் குருவி. வேட்டைப்பறவைய பிடிக்கறதோ வளர்க்கறதோ 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி குற்றம்னு அவங்களுக்கும் தெரியும், சட்டத்த சொல்லி மெரட்ட வேணாம், அவங்கள கூட்டாளி ஆக்கிக்கோங்க.

குஞ்சுங்களுக்கு இந்த சீசன்ல ரெண்டு பெரிய ஆபத்து, ரெண்டும் நம்மாலதான். ஒண்ணு மாஞ்சா. ஸ்கூல் லீவுல விட்ட காத்தாடிங்களோட நூல் மரம் பூரா தொங்குது, பறக்க பழகற குஞ்சு அதுல மாட்டுனா றெக்கை அறுந்துடும். நைலான் மாஞ்சாவ தேசிய பசுமை தீர்ப்பாயம் 2017லயே நாடு முழுக்க தடை பண்ணிடுச்சு, சென்னைலயும் மாஞ்சாவுக்கு தடை இருக்கு, இருந்தும் கெடைக்குது. நீங்க பாக்கற மரத்துல கைக்கு எட்டுற நூல எல்லாம் எடுத்து வெட்டி குப்பைல போடுங்க, பசங்கள கூப்பிட்டு குஞ்ச காட்டுங்க, பாத்த பையன் அந்த மரத்து பக்கம் மாஞ்சா விடமாட்டான். இன்னொன்னு எலி மருந்து. மருந்து தின்ன எலி சாக நாலஞ்சு நாள் ஆகும், அது வரைக்கும் தள்ளாடிக்கிட்டு வெளிய சுத்தும், அத பிடிக்கறது வல்லூறுக்கு சுலபம், அந்த விஷம் அப்படியே அதுக்குள்ள போகும். அக்கம்பக்கத்துல எலிப்பொறி வைக்க சொல்லுங்க.

கீழ விழுந்த குஞ்ச பாத்தா அவசரப்பட்டு வீட்டுக்கு தூக்கிட்டு போகாதீங்க. இறகு முழுசா மொளச்சு, கண்ணு தெளிவா, ரத்தம் இல்லாம நிமிர்ந்து உக்காந்திருந்தா அது பறக்க பழகற குஞ்சு, அப்பா அம்மா பக்கத்துலதான் இருக்கு. நாய், பூனை, கூட்டம் வராம பாத்துக்கிட்டு, ஒரு துண்ட மேல போட்டு பிடிச்சு, நகம் குத்தும் அதனால கால கெட்டியா பிடிச்சுக்கிட்டு, உயரமான கிளைலயோ சன்ஷேட் மேலயோ வச்சுட்டு தள்ளிப் போயிடுங்க. மனுஷன் தொட்டா தாய் சேக்காதுன்னு சொல்றது உண்மை இல்ல. வெள்ளைப் பஞ்சு மாதிரி இருக்கிற சின்ன குஞ்சுன்னா ஒரு கூடைல இலை போட்டு அதே மரத்துல கட்டி விடலாம். றெக்கை தொங்குது, ரத்தம் வருது, கண்ணு மூடி மூடி போகுதுன்னா அட்டைப்பெட்டில ஓட்டை போட்டு உள்ள வச்சு மூடிடுங்க, இருட்டும் அமைதியும்தான் அதுக்கு மொத வைத்தியம். தண்ணிய வாய்ல ஊத்தாதீங்க, பாலும் சோறும் குடுக்கவே கூடாது. நம்ம பக்கத்துக்கு கிட்ட இருக்கறது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, அங்க கொண்டு போங்க, கிண்டில வனத்துறைக்கும் சொல்லிடுங்க.

ஃபோட்டோ எடுக்கறவங்களுக்கு, கூடு தெரியற படத்த எங்கயும் போடாதீங்க, தெரு பேரும் போடாதீங்க, குஞ்சுங்க முழுசா பறந்து போற வரைக்கும் பெரம்பூர், மாதவரம்னு ஏரியா பேரோட நிறுத்திக்கோங்க. ஃபிளாஷ் வேணாம். பாத்தத இ-பேர்ட்ல, அதாவது யாரு எங்க எந்தப் பறவைய பாத்தாங்கன்னு பதியற வெப்சைட்ல, பதிவு பண்ணுங்க, அதுல இனப்பெருக்க குறியீடு இருக்கு, குஞ்சுக்கு ஊட்டுச்சு, புதுசா பறக்குற குஞ்சுன்னு குறிக்கலாம். பழவேற்காட்டுக்கு நெறைய பதிவு இருக்கும், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை உள்தெருவுங்களுக்கு அவ்ளோ பேர் எழுதறதில்ல, நீங்க எழுதற ஒரு வரியும் அங்க பெருசு. கூட சேந்து போக ஆள் வேணும்னா மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி 1978ல இருந்து இருக்கு, புதுசா வர்றவங்களுக்கு பொறுமையா சொல்லித் தருவாங்க.

ஆடி பொறந்த பிறகு சத்தம் கொறையும். ஒரு குஞ்ச காணோம்னு தோணும், ரெண்டு நாள் கழிச்சு நாலு தெரு தள்ளி அதே நெஞ்சு கறையோட பாப்பீங்க, அப்புறம் அதுவும் இருக்காது. பெரியவங்க இறகு உதிர்த்துக்கிட்டு அமைதியா அதே ஏரியால இருப்பாங்க. கடைசியா எந்த தேதில எத்தன குஞ்ச பாத்தீங்கன்னு எழுதி வைங்க, எந்த மரம்னும் எழுதுங்க. அடுத்த வருஷம் பெரும்பாலும் புதுக்கூடுதான் கட்டும், ஆனா பக்கத்துலதான் கட்டும். மழைக்கு முன்னாடி கிளை வெட்ட ஆள் வரும்போது அந்த மரத்துக்கு பெரிய கிளைங்கள விட்டு வைக்க சொல்லி வார்டு ஆபீஸ்ல இப்பவே ஒரு மனு குடுத்துடுங்க, உங்க பைனாகுலர வாங்கி குஞ்சுங்கள பாத்த அந்த தெரு அக்காங்ககிட்டயும் கையெழுத்து வாங்கிக்கோங்க.